ரீச்சரிடம் கேளுங்கள்: இந்த "கிரெடிட்" எங்கள் ஓ.எல். கிரெடிட் இல்லை

போன இதழில் உயர்தரப் பாடத்தெரிவு பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறொரு விசயத்தைப் பற்றித்தான் இருந்தன. வெளியில் இருக்கும் அண்ணாவோ சித்தப்பாவோ "காசு நான் கட்டுகிறேன், பிள்ளையை ஒரு கிறிஸ்தவ சர்வதேசப் பாடசாலையில் விடுங்கோ" என்கிறார், தாய் தகப்பன் அந்தப் பாடசாலை அனுப்பிய தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு விளங்காமல் முழிக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுப் பக்கமும் இதற்கே.

வணக்கம் ரீச்சர். மகன் எட்டாம் ஆண்டு படிக்கிறான். ரொறன்ரோவில் இருக்கும் என்ர அண்ணா அவனை இந்தியாவில், மலைப்பக்கம் இருக்கிற ஒரு கிறிஸ்தவ சர்வதேசப் பாடசாலையில் ஹொஸ்டலில் விட்டுப் படிப்பிக்கப் போகிறாராம். ஒன்பதாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை அங்கே. "26 கிரெடிட் எடுத்தால் கிராஜுவேஷன், டிப்ளோமா வழங்கப்படும்" என்று தாளில் போட்டிருக்கிறது. எங்கட ஊரில் ஒன்பது பாடம்தானே, 26 கிரெடிட்டை ஒரு பிள்ளை எப்படி எடுக்கிறது? பன்னிரண்டாம் வகுப்போடேயே பட்டதாரி ஆகிவிடுவானா?
— ஒரு தாய், தர்மபுரம்

தங்கச்சி, நீங்கள் குழம்பியதில் ஒரு பிழையும் இல்லை. அந்தத் தாளில் இருக்கும் மூன்று சொல்லுக்கும் எங்கள் ஊரில் வேறு பொருள்.

கிரெடிட் என்றால் எங்களுக்கு ஓ.எல். என்ற சாதாரண தரப் பெறுபேற்றில் வரும் "சி", அதாவது 50இல் இருந்து 64 வரை எடுத்த திறமைச் சித்தி. "மூன்று கிரெடிட்டோட பாஸ்" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். அமெரிக்க முறையில் கிரெடிட் என்பது புள்ளி இல்லை, அளவு. ஒரு பாடத்தை ஒரு வருடம் முழுவதும், ஏறத்தாழ 120 மணித்தியாலம் வகுப்பில் இருந்து படித்துச் சித்தியடைந்தால் ஒரு கிரெடிட். அரை வருடப் பாடம் என்றால் அரைக் கிரெடிட். ஒரு வருடத்துக்கு ஆறு அல்லது ஏழு பாடம் எடுப்பார்கள், நாலு வருடத்தில் 24இல் இருந்து 28 வரை தானாகவே சேர்ந்துவிடும். 26 என்ற எண் அப்படித்தான் வந்தது, பயப்பட வேண்டாம்.

டிப்ளோமா என்றால் எங்களுக்கு ஏ.எல். என்ற உயர்தரத்துக்குப் பிறகு படிக்கும் கொம்பியூட்டர் டிப்ளோமா, கணக்கியல் டிப்ளோமா. அங்கே அது பாடசாலையை முடித்ததற்கான சான்றிதழ், அவ்வளவுதான். கிராஜுவேஷனும் அப்படியே. கறுப்பு அங்கி போட்டுத் தொப்பி வைத்துப் படம் எடுப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுப் பட்டதாரி ஆகிவிட்டான் என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள். மகன் அன்றைக்குப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருப்பான், பல்கலைக்கழகம் அதற்குப் பிறகுதான்.

சரி, இனி அந்த 26 எப்படிப் பிரியும் என்று பாருங்கள், ஏனென்றால் மொத்தம் சேர்ந்தால் மட்டும் போதாது. வழக்கமாக ஆங்கிலம் நாலு வருடமும் கட்டாயம், நாலு கிரெடிட். கணிதம் மூன்று அல்லது நாலு. விஞ்ஞானம் மூன்று, அதில் ஆய்வுகூட வேலை இருக்க வேண்டும். வரலாறு, குடியியல் போன்ற சமூகக் கல்வி மூன்று. இரண்டாம் மொழி இரண்டு. அதற்குப் பிறகு உடற்கல்வி, கலை, மிச்சத்துக்குப் பிள்ளை விரும்பித் தெரிவது. கிறிஸ்தவப் பாடசாலை என்றபடியால் இதற்கு மேல் பைபிள் பாடம் ஒவ்வொரு வருடமும் இருக்கும், கிழமைக்கு ஒரு தடவையாவது ஆராதனைக் கூட்டம் இருக்கும், தொண்டு மணித்தியாலமும் கேட்பார்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும், 30 கிரெடிட் வைத்திருந்தாலும், டிப்ளோமா கொடுக்க மாட்டார்கள். ஆகவே மொத்த எண்ணைப் பார்க்காமல் எந்தப் பெட்டியில் எத்தனை என்று பாருங்கள்.

எங்கள் முறைக்கும் அதற்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை மகனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். இங்கே பத்து வருடம் எப்படிப் படித்தாலும் கடைசியில் ஓ.எல். மண்டபத்துக்குள் எழுதுவதுதான் கணக்கு. அங்கே ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளே கணக்குத் தொடங்கிவிடும். வீட்டுவேலை, சிறு பரீட்சை, செயற்றிட்டம், தவணைப் பரீட்சை எல்லாம் சேர்த்து ஏ, பி, சி, டி என்று தரம். ஏக்கு 4, பிக்கு 3, சிக்கு 2, டிக்கு 1 என்று போட்டு நாலு வருடத்துக்கும் சராசரி எடுப்பார்கள். அதைத்தான் ஜி.பி.ஏ. என்பது. பல்கலைக்கழகங்கள் டிப்ளோமாத் தாளைவிட, இந்தத் தரங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும் ட்ரான்ஸ்கிரிப்ட்டைத்தான் உற்றுப் பார்க்கும். எங்கள் பிள்ளைகள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு, ஒன்பது பத்தில் விளையாடிவிட்டுப் பதினொன்றில் ரியூஷனுக்குப் போய் ஏறிப் பிடிப்பது. அந்தப் பழக்கம் அங்கே பிள்ளையைக் கவிழ்த்துவிடும்.

இன்னொன்று. "கிறிஸ்தவ சர்வதேசப் பாடசாலை" என்ற பெயரில் இருந்து உள்ளே என்ன படிப்பிக்கிறார்கள் என்று தெரியவராது. கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிமாரின் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய சர்வதேசப் பாடசாலையில் ஐ.பி. என்ற சர்வதேசப் படிப்பு இருக்கிறது. 1899இல் குன்னூரில் தொடங்கி இப்போது ஊட்டியில் இருக்கும் ஹெப்ரன் பாடசாலை பிரித்தானிய முறையில் போகிறது. இரண்டும் மிஷன் வழி வந்தவை, இரண்டும் மலையில் இருப்பவை, ஆனால் பிள்ளை கடைசியில் கொண்டுவரும் தாள் வேறு. அண்ணாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பன்னிரண்டு முடிய மகனின் கையில் வரும் தாளின் பெயர் என்ன, அதைக் கொடுப்பது அந்தப் பாடசாலையா அல்லது வெளியில் இருக்கும் ஒரு பரீட்சைச் சபையா? அந்தப் பதில் வந்த பிறகு மற்றதைக் கதைப்போம்.

ரீச்சர், நாங்கள் சைவம். மகளைச் சேர்க்க நினைக்கும் பாடசாலையில் பைபிள் பாடம் கட்டாயம், அதில் சித்தியடையாவிட்டால் டிப்ளோமா இல்லை என்கிறார்கள். வீட்டில் ஆச்சி சாப்பிடாமல் இருக்கிறா. என்ன செய்யலாம்?
— ஒரு தந்தை, புதுக்குடியிருப்பு

ஆச்சியின் மனவருத்தத்தைச் சின்ன விசயமாக நினைக்காதீர்கள் தம்பி, முதலில் அவவோடு இருந்து கதையுங்கள். பிறகு இதையும் சொல்லுங்கள்: சைவப் பிள்ளைகள் மிஷன் பாடசாலையில் படிப்பது எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது 1823இல், உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை 1824இல். ஆறுமுக நாவலரே யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கும் உதவியவர். அப்படியிருந்தும் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவரும் அவர்தான்.

ஆனால் பாடசாலையிடம் நேராகக் கேட்க வேண்டியது உண்டு. பைபிளை ஒரு பாடமாக, வரலாறும் இலக்கியமும் போலப் படித்துப் பரீட்சை எழுதினால் போதுமா, இல்லை விசுவாசத்தை ஏற்றுக்கொண்டதாக ஏதாவது எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டுமா? சில பாடசாலைகள் பெற்றோரில் ஒருவராவது கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று கேட்கும், சில எல்லாச் சமயத்தவரையும் சேர்க்கும், ஆனால் ஆராதனைக்கு வந்து மரியாதையாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். எதுவாக இருந்தாலும் சேருவதற்கு முதலே எழுத்தில் வாங்குங்கள். கையொப்பம் வைத்துவிட்டுப் பிறகு நடுவில் பிள்ளையை எழும்பி நின்று மறுக்கச் சொல்வது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

எங்கள் ஆட்கள் கவனிக்காமல் விடும் இன்னொரு விசயம், ஓ.எல்.இல் சமயபாடம் கட்டாயம். மகள் இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு ஏதோ காரணத்தால் திரும்பி வந்தால் சைவநெறியை விட்ட இடத்தில் இருந்து பிடிக்க வேண்டும், தமிழையும் இலங்கை வரலாற்றையும் அப்படியே. விடுமுறைக்கு வரும்போது ஆச்சியோடு இருந்து சைவநெறிப் புத்தகத்தை வாசிக்கட்டும். ஆச்சிக்கும் மனம் ஆறும்.

அன்புள்ள ரீச்சருக்கு, நான் பதினோராம் ஆண்டு மாணவி. ஓ.எல். எழுதியதும் என்னைக் கொழும்பில் ஒரு கிறிஸ்தவ சர்வதேசப் பாடசாலையில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சேர்க்கலாம், ஒரே வருடத்தில் அமெரிக்க டிப்ளோமா எடுத்துவிடலாம் என்று சித்தப்பா சொல்கிறார். ஏ.எல். என்றால் இரண்டு வருடத்துக்கு மேல் போகும். எனக்கு டாக்டராக வர விருப்பம். டிப்ளோமா எடுத்துவிட்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்கலாமா?
— மாணவி, மல்லாவி

பிள்ளை, முடியாது. இதை நான் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு விசயம் தெரியாமல் முடிவெடுத்தால் பிறகு திருத்துவது கடினம்.

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாகச் சாதாரணமாக நுழைவதற்கு, பரீட்சைத் திணைக்களம் நடத்தும் எங்கள் ஏ.எல். பெறுபேறு வேண்டும். மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தி, ஏ.எல்.ஓடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி, பிறகு மூன்று பாடப் புள்ளிகளையும் சமப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளி. அமெரிக்க டிப்ளோமாவுக்கு இசட் புள்ளி இல்லை, லண்டன் ஏ.எல்.க்கும் இல்லை. வெளிநாட்டுத் தகுதியோடு வருபவர்களுக்குத் தனியாக மிகச் சிறிய ஒரு ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கு வேறு நிபந்தனைகள், அதை நம்பி உன் எதிர்காலத்தை வைக்காதே.

இனிமேல் நான் சொல்வதைச் சித்தப்பாவுக்கும் வாசித்துக் காட்டு. பெரும்பாலான துறைகளுக்கு இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. உன் மல்லாவி இருக்கும் முல்லைத்தீவு அந்தப் பதினாறில் ஒன்று. கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மூன்றும் அப்படியே. வசதியான நகரத்துப் பிள்ளையோடு துணுக்காய் வலயத்துப் பிள்ளை ஒரே கோட்டில் நின்று ஓட முடியாது என்று தெரிந்துதான் இந்த முறையை வைத்தார்கள். இயங்குகிற ஆய்வுகூடம் இல்லாமல், இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாமல், இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்து எழுதுகிற உனக்காக ஒதுக்கின இடம் அது. எந்த மாவட்டம் என்பதை உன் நிரந்தர வதிவிடத்தையும் நீ படித்த பாடசாலையையும் வைத்துத்தான் பார்ப்பார்கள். அந்தப் பாதையை விட்டுவிட்டு வெளியில் போவதென்றால், எதை விடுகிறாய் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். படிப்புக் கட்டணம் இல்லாத பட்டப்படிப்பை விடுகிறாய். அது சின்னத் தொகை இல்லை.

"ஒரே வருடம்" என்ற கதையும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஓ.எல். பாடங்களைச் சில பாடசாலைகள் கிரெடிட்டாக மாற்றிக் கணக்கில் எடுக்கும், உண்மை. ஆனால் எங்கள் பதினோராம் ஆண்டை முடித்த பிள்ளையைப் பெரும்பாலும் பதினொன்றிலேயே இருத்துவார்கள். பைபிள், அமெரிக்க முறை ஆங்கிலம் போன்றவற்றை எந்த ஓ.எல். பாடத்தாலும் ஈடு செய்ய முடியாது. கடைசி ஒரு வருடமோ இரண்டு வருடமோ தங்களிடமே படித்திருக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. ஒரே வருடத்தில் தருகிறோம் என்று ஒரு பாடசாலை சொன்னால், நாலு வருடத்துக் கணக்கை எப்படி நிரப்பினார்கள் என்று பாடம் பாடமாகக் காட்டச் சொல்லு.

வெளிநாட்டில் மருத்துவம் படித்தால் என்ன என்று அடுத்ததாகக் கேட்பாய். படிக்கலாம். ஆனால் திரும்பி வந்து இங்கே வைத்தியராக வேலை செய்ய இலங்கை மருத்துவச் சபையின் நிபந்தனைகளைத் தாண்ட வேண்டும். உயிரியல், இரசாயனவியல் போன்ற பாடங்களில் உயர்தர மட்டத்துத் தகுதி அப்போது கேட்கப்படும். பொதுவான பாடங்களோடு எடுத்த டிப்ளோமா மட்டும் அந்த இடத்தில் உதவாது.

என் எண்ணத்தைக் கேட்கிறாய் என்றால், ஏ.எல். எழுது. உயிரியல் பிரிவில் எழுது. எங்கள் ஏ.எல்.ஐ வைத்துப் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா எல்லா இடத்திலும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்தத் தாள் இரண்டு பக்கக் கதவையும் திறக்கும், டிப்ளோமா ஒரு பக்கத்தை மட்டும்தான். சித்தப்பா கட்ட இருந்த காசில் கொஞ்சத்தை நல்ல இரசாயனவியல் ரியூஷனுக்கும் ஆங்கிலத்துக்கும் தரச் சொல்லு. மருத்துவம் கிடைக்காவிட்டாலும் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2021இல் தனிப் பல்கலைக்கழகம் ஆகியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. நான் படித்த காலத்தில் வன்னிக்குள் ஒரு பீடமும் இல்லை, பிள்ளை. இப்போது உன் வீட்டில் இருந்து பஸ் எடுத்தே போய்விடலாம்.

குடும்பத்தோடு வெளிநாடு போகப் போகிறீர்கள், விசா வரப் போகிறது என்றால் கதை வேறு. அப்போது டிப்ளோமாப் பாதை நல்லது, நானே போகச் சொல்வேன். உன் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

ஏ.பி., ஐ.பி., எஸ்.ஏ.ரி. — இதில் எது பெரியது? தங்கையைச் சேர்க்க இருக்கும் பாடசாலையின் தாளில் மூன்றும் இருக்கிறது.
— ஒரு அண்ணன், ஒட்டுசுட்டான்

மூன்றும் ஒரே வகைச் சாமான் இல்லைத் தம்பி, அதனால் பெரியது சின்னது என்று நிறுக்க முடியாது.

ஐ.பி. என்பது ஒரு முழுப் படிப்பு. கடைசி இரண்டு வருடமும் ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 7 புள்ளி. அதோடு 4000 சொல் வரையிலான ஒரு ஆய்வுக் கட்டுரை, அறிவைப் பற்றிய ஒரு பாடம், படைப்பும் உடற்பயிற்சியும் தொண்டும் சேர்ந்த ஒரு பகுதி. கட்டுரைக்கும் அறிவுப் பாடத்துக்கும் சேர்த்து 3 புள்ளி, ஆக மொத்தம் 45, டிப்ளோமாவுக்குக் குறைந்தது 24 வேண்டும். பரீட்சைத் தாள் வெளியில் திருத்தப்படும். ஏ.பி. என்பது தனித்தனிப் பாடம், அமெரிக்க டிப்ளோமாப் படிக்கும் பிள்ளை விரும்பிய பாடத்தில் கொஞ்சம் பாரமாக, பல்கலைக்கழக முதலாம் வருட மட்டத்தில் படித்து மே மாதத்தில் பரீட்சை எழுதுவது. 1இல் இருந்து 5 வரை புள்ளி, 3 அல்லது அதற்கு மேல் எடுத்தால் பல பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுக்கும். எஸ்.ஏ.ரி. படிப்பே இல்லை, ஒரு நாள் எழுதும் நுழைவுப் பரீட்சை, ஆங்கிலமும் கணிதமும், 400இல் இருந்து 1600 வரை புள்ளி.

தங்கையைச் சேர்க்கும் பாடசாலை தன் சொந்த டிப்ளோமாவை மட்டும் தருகிறது என்றால், அதோடு நாலைந்து ஏ.பி. பாடமாவது எடுக்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பாடசாலை தானே போடும் புள்ளியை வெளியில் உள்ளவன் எவ்வளவு நம்புவான் என்பது அந்தந்த இடத்தைப் பொறுத்தது, வெளியில் திருத்திய புள்ளி என்றால் அந்தச் சந்தேகம் இல்லை. தாளில் பெயர் இருப்பது மட்டும் போதாது, போன வருடம் எந்தெந்த ஏ.பி. பாடம் உண்மையாகவே வகுப்பாக நடந்தது என்று கேளுங்கள்.

மச்சாளின் மகள் மலேசியாவில் ஒரு கிறிஸ்தவ சர்வதேசப் பாடசாலையில் பத்தாம் வகுப்பு. கிராஜுவேஷனுக்குத் தொண்டு மணித்தியாலம் காட்ட வேண்டுமாம். டிசம்பர் விடுமுறைக்கு எங்களோடு வந்து நிற்கிறாள். இங்கே செய்தால் கணக்கில் எடுப்பார்களா?
— ஒரு மாமி, பரந்தன்

எடுப்பார்கள், ஆனால் செய்ய முதல் கேட்டால்தான். பெரும்பாலான பாடசாலையில் ஒரு படிவம் இருக்கும். எங்கே, யாருக்குக் கீழே, என்ன வேலை, எத்தனை மணித்தியாலம் என்று எழுதி, மேற்பார்வை செய்தவர் கையொப்பம் வைக்க வேண்டும், அது சொந்தக்காரராக இருக்கக் கூடாது. ஆகவே நீங்கள் கையொப்பம் வைக்க முடியாது மாமி. வீட்டில் உங்களுக்குச் சமையலில் உதவியதும் சேராது.

டிசம்பரில் பாடசாலைகள் பூட்டியிருக்கும், மழையும் விடாது, அதை யோசித்துத் திட்டமிடுங்கள். பிரதேச சபை நூலகத்தில் புத்தகம் அடுக்கிப் பட்டியல் போடுவது, சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் ஆங்கிலக் கதை வாசித்துக் காட்டுவது, வெள்ளம் வந்து சனம் பொதுமண்டபத்தில் தங்கினால் அங்கே சமையலுக்கும் பிள்ளைகளைப் பார்ப்பதற்கும் கைகொடுப்பது, இவை எல்லாம் உண்மையான வேலை. தேவாலயத்திலோ கோயிலிலோ செய்யும் வேலை சேருமா என்று மட்டும் தனியாகக் கேட்கட்டும். ஆராதனையில் பாடுவதைச் சில பாடசாலைகள் தொண்டாக எடுக்காது.

ஒரு விசயம் கெஞ்சிக் கேட்கிறேன். சிறுவர் இல்லத்துக்குப் போய் அங்கேயுள்ள பிள்ளைகளோடு படம் எடுத்துப் போட வேண்டாம். எங்கள் பிள்ளைகளைக் கண்டவர்களும் படம் எடுத்துக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. அவள் அறியாத பிள்ளை, நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மகன் வெளிநாட்டில் இப்படியான ஒரு பாடசாலையில் பத்தாம் வகுப்பு. அட்சரகணிதத்தில் பெயில். "இப்படிப் போனால் கிராஜுவேட் பண்ண மாட்டார்" என்று கடிதம் வந்திருக்கிறது. திருப்பிக் கூப்பிடவா?
— ஒரு தந்தை, நெடுங்கேணி

கூப்பிட வேண்டாம். பெயிலான பாடத்தின் கிரெடிட் மட்டும்தான் போயிருக்கிறது, வருடம் முழுவதும் போகவில்லை. விடுமுறை வகுப்பிலோ ஒன்லைனிலோ அந்த ஒரு பாடத்தைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் எந்த ஒன்லைன் பாடத்தை ஏற்பார்கள் என்று காசு கட்ட முதல் பாடசாலையிடம் கேளுங்கள். இதைத் தள்ளிப் போடவும் வேண்டாம், ஏனென்றால் கணிதம் படிக்கட்டு மாதிரி, இந்தப் படி ஏறாமல் அடுத்ததில் இருத்த மாட்டார்கள், பன்னிரண்டில் வந்து இடிக்கும். வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் இருப்பார், மிச்ச இரண்டு வருடத்துக்கும் எந்தத் தவணையில் எந்தப் பாடம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மகனோடு இன்றைக்கு இரவே கதையுங்கள், ஏசுவதற்கில்லை, சாப்பிட்டானா என்று கேட்பதற்கு.

எங்கள் நகரத்தில் ஒரு சபை புதிதாக ஆங்கிலமூல சர்வதேசப் பாடசாலை தொடங்கியிருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை இருக்கிறது, பன்னிரண்டு வரை கொண்டுபோய் அமெரிக்க டிப்ளோமா தருவோம் என்கிறார்கள். கட்டடம் அழகு, ஆசிரியர்கள் அன்பானவர்கள். நம்பிச் சேர்க்கலாமா?
— பெற்றோர் இருவர், வவுனியா

அன்பான ஆசிரியர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், சின்ன வகுப்புப் பிள்ளைக்கு அதுதான் பெரிய விசயம். பத்தாம் வகுப்புக்கு மேல் என்றால் அன்போடு தாளும் வேண்டும்.

இலங்கையில் சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ்த்தான் பதியப்படுகின்றன, அரச பாடசாலை போல வலயக் கல்வி அலுவலகம் வந்து பார்ப்பதில்லை. ஆகவே "பதிவு செய்யப்பட்டது" என்று பலகையில் இருந்தால் அது கம்பனி என்பதற்குத்தான் சாட்சி. அமெரிக்க டிப்ளோமாவுக்குப் பெறுமதி வருவது தரச்சான்று கொடுக்கும் அமைப்புகளால். கொக்னியா, வாஸ்க், கிறிஸ்தவப் பாடசாலைகளுக்கு ஏ.சி.எஸ்.ஐ. என்று சில இருக்கின்றன. இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஏ.சி.எஸ்.ஐ.யில் உறுப்பினராக இருப்பது வேறு, அதன் தரச்சான்று பெற்றிருப்பது வேறு. சந்தா கட்டி உறுப்பினராகலாம், தரச்சான்று என்றால் ஆட்கள் வந்து பார்த்து, ஆசிரியரின் தகுதியில் இருந்து ஆவணம் வைக்கும் அலுமாரி வரை ஆராய்வார்கள். அந்த அமைப்புகளின் இணையத்தளத்தில் பாடசாலையின் பெயரைப் போட்டு நீங்களே தேடலாம், போனில் ஐந்து நிமிட வேலை.

ஆவணம் என்றவுடன் எனக்கு 2009 ஆகஸ்ட் மாதம் வந்துவிடும். அந்த மாதம், போரால் இடம்பெயர்ந்து வந்த சனத்தை வைத்திருந்த மெனிக்பாம் முகாமுக்குள்ளேயே எங்கள் பிள்ளைகள் ஏ.எல். எழுதினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன், கொப்பி பென்சில் சேர்த்துக் கொடுத்து, தகரக் கொட்டிலுக்குள் பாடம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பிள்ளையிடமும் ஓ.எல். சான்றிதழ் இல்லை. ஷொப்பிங் பையில் சுற்றிப் பங்கருக்குள் புதைத்துவிட்டு வந்தவர்கள், ஓடும்போது ஆற்றில் விட்டவர்கள். என் வகுப்பில் கெட்டிக்காரியாக இருந்த ஒரு பிள்ளை, எட்டு ஏ எடுத்தவள், "இனி நான் படித்ததென்று யார் ரீச்சர் நம்புவினம்?" என்று கேட்டாள். நான் சொன்னேன், பேப்பர்தான் போனது, பெறுபேறு கொழும்பில் இருக்கிறது என்று. அப்படியே நடந்தது, பரீட்சைத் திணைக்களத்தில் இருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுத்தோம், அவள் பிறகு பல்கலைக்கழகமும் போனாள். அவளுடைய பாடசாலைக் கட்டடத்தில் அப்போது கூரையே இருக்கவில்லை.

கிரெடிட் முறையில் பிள்ளையின் நாலு வருடமும் இருப்பது அந்தப் பாடசாலையின் அலுவலகத்துக்குள். சபை பிரிந்தாலோ, காசு அனுப்புகிறவர் நிறுத்தினாலோ, பாடசாலை பூட்டினாலோ ட்ரான்ஸ்கிரிப்டை யார் தருவார்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பூட்டின ஒரு பாடசாலையின் அதிபரைத் தேடி மூன்று மாதம் அலைந்தது, பெயர் சொல்ல மாட்டேன், பிள்ளைக்குக் கிடைத்த அனுமதி அந்த மூன்று மாதத்தில் போய்விட்டது.

ஆகவே பாடசாலைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தரச்சான்று இருக்கிறதா, விண்ணப்பித்திருந்தால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, பாடசாலை பூட்டினால் பதிவேடுகள் யாரிடம் போகும், பிள்ளை ஓ.எல்.ஐயும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத ஒழுங்கு செய்வார்களா என்ற நாலு கேள்வி போதும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வருட முடிவிலும் முத்திரை குத்திய ட்ரான்ஸ்கிரிப்ட் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு பிரதி வீட்டிலும் இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலும், படம் எடுத்து ஈமெயிலிலும் வையுங்கள். கடிதத்துக்குப் பதில் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன்.